யூடவுன் குடியிருப்புக் கல்லூரிகள்: அறையைவிட ஆட்களைப் பார்த்து ஒரு தாய் எழுதும் மதிப்புரை

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யூடவுன் வளாகத்தில் இருக்கும் குடியிருப்புக் கல்லூரிகளில் ஒன்றில் எங்கள் மகள் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 மே வரை தங்கிப் படித்தாள். பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று கேட்டுத் தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் இன்றுவரை என்னை அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அறை எவ்வளவு பெரியது என்று கேட்பார்கள். அடுத்தது சாப்பாடு, அதற்கடுத்தது கட்டணம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இரண்டு ஆண்டுகள் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, அந்தக் கேள்வி ஒன்றுதான் உண்மையில் கேட்க வேண்டியது என்பது. ஆகவே இந்த மதிப்புரையில் மனிதர்களைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன். எந்தக் கல்லூரி என்பதை மகள் கேட்டுக்கொண்டபடி குறிப்பிடவில்லை. அடிப்படை அமைப்பு இந்தக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே.

இடத்தைப் பற்றி இரண்டு வரி. ஆயர் ராஜா விரைவுச்சாலைக்கு ஒரு பக்கம் பழைய கெண்ட் ரிட்ஜ் வளாகம், மறுபக்கம் முன்பு வாரன் கோல்ஃப் மைதானமாக இருந்த நிலத்தில் எழுந்த யூடவுன். இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. 2011இல் இங்கே முதல் மாணவர்கள் குடியேறினார்கள். டெம்புசு கல்லூரி, ஆலிஸ் அண்ட் பீட்டர் டான் கல்லூரி, சின்னமன் கல்லூரி ஆகியவை தொடக்க ஆண்டுகளில் வந்தவை. ரெசிடென்ஷியல் காலேஜ் 4 பின்னர் 2014இல் வந்தது. டெம்புசு என்பது மரத்தின் பெயர். சிங்கப்பூரின் ஐந்து வெள்ளி நோட்டில் நீங்கள் பார்க்கும், தாவரவியல் பூங்காவில் கிளை தாழ்ந்து நிற்கும் அந்த மரம்தான்.

யூசூஃப், ராஃபிள்ஸ், ஷியர்ஸ் போன்ற பழைய விடுதிகளுக்கும் இந்தக் கல்லூரிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. பழைய விடுதிகளில் விளையாட்டும் கலைநிகழ்ச்சிகளும்தான் பொதுவாழ்வின் மையம். குடியிருப்புக் கல்லூரியில் அவற்றோடு வகுப்பும் அதே கட்டடத்தில் நடக்கிறது. மாணவர் மருத்துவமோ பொறியியலோ எதைப் படித்தாலும், தம் துறைப் பாடங்களோடு கல்லூரிக்கென்று உள்ள சில பாடங்களையும் இரண்டு ஆண்டுகளில் படிக்க வேண்டும். வகுப்பில் பதினைந்து பேர் அளவில்தான் இருப்பார்கள். பாடம் நடத்துகிறவரும் பாடம் கேட்கிறவரும் அன்று மாலையே ஒரே உணவுக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நிற்பார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

நான் ஏன் ஆட்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஒரு மகளிர் விடுதியில் நான் மூன்று ஆண்டுகள் இருந்தேன். மாலை ஆறு மணிக்கு வாயிற்கதவு பூட்டப்படும். வார்டன் அம்மா வருகைப் பதிவேட்டோடு வருவார், பெயரைக் கூப்பிடுவார், போய்விடுவார். அந்த மூன்று ஆண்டுகளில் பெயரைத் தவிர அவர் என்னிடம் வேறு எதையும் கேட்டதாக நினைவில்லை. இரண்டாம் ஆண்டில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து நான்கு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, அறைத் தோழிதான் வீட்டுக்குத் தந்தி போல இரண்டு வரியில் கடிதம் எழுதினாள். பதிவேட்டில் அந்த நான்கு நாளும் எனக்கு நேரே ‘உண்டு’ என்றே இருந்தது. அந்த வார்டனை நான் குறை சொல்லவில்லை. இருநூறு பெண்களுக்கு ஒருவர் என்று அவரை வைத்தவர்கள், பெண்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதை மட்டுமே அவரது வேலையாக வகுத்திருந்தார்கள். காவல் காப்பதும் கவனித்துக்கொள்வதும் வேறு வேறு என்பதை அந்தக் கட்டிலில் படுத்துத்தான் நான் கற்றேன்.

எனவே மகள் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது எனக்குத் தயக்கம் இருந்தது. ஈசூனில் வீடு, கெண்ட் ரிட்ஜுக்கு எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றாலும், ஒரே தீவுக்குள் வீடு இருக்கப் பெண் பிள்ளையை எதற்கு வெளியே தங்கவைக்க வேண்டும் என்று சித்தியும் பெரியம்மாவும் மாறி மாறிக் கேட்டார்கள். அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. 2019 ஏப்ரலில், இதே பல்கலைக்கழகத்தின் ஒரு விடுதிக் குளியலறையில் தன்னை ஒரு மாணவர் திருட்டுத்தனமாகப் படம் பிடித்ததை ஒரு மாணவி துணிந்து வெளியே சொன்னார். நாடே அதைப் பற்றிப் பேசியது; தண்டனை போதாது என்று மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பல்கலைக்கழகம் மறுஆய்வுக் குழு அமைத்தது. கடுமையான குற்றங்களுக்குக் குறைந்தது ஓராண்டு இடைநீக்கம், கூடுதல் கண்காணிப்புக் கேமராக்கள், குளியலறைத் தடுப்புகளில் மாற்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த ஆகஸ்டில்தான் நாங்கள் பெட்டியோடு போய் நின்றோம்.

அன்று அந்தப் பேச்சை யாராவது தவிர்ப்பார்களா என்று நான் கூர்ந்து பார்த்தேன். தவிர்க்கவில்லை. மாடிக்குப் பொறுப்பான பேராசிரியர் பெற்றோரிடம் தாமாகவே அதை எடுத்துப் பேசினார். எந்தெந்த மாற்றங்கள் முடிந்துவிட்டன, எவை இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன என்று பிரித்துச் சொன்னார். ஏதாவது நடந்தால் மாணவி முதலில் யாரிடம் வரலாம், அவரிடம் வரத் தயக்கமாக இருந்தால் வேறு யாரிடம் போகலாம் என்று இரண்டு வழிகளையும் காட்டினார். கேமராவைவிட அந்த இரண்டாவது வழிதான் எனக்குத் தைரியம் தந்தது. தம்மிடம் வர ஒரு பெண்ணுக்குத் தயக்கம் இருக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் பொறுப்பாளரை நான் அதுவரை எந்த விடுதியிலும் சந்தித்ததில்லை.

இப்போது தலைமையிலிருந்து தொடங்குகிறேன். மகள் இருந்த காலத்தில் கல்லூரித் தலைவரின் பதவிப்பெயர் ‘மாஸ்டர்’. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜிலிருந்து வந்த சொல். அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்க்னஸ் என்பவரின் நன்கொடையில் ஹார்வர்டில் 1930இலும் யேலில் 1933இலும் இத்தகைய இல்லங்கள் எழுந்தபோது அங்கும் அதே பெயரை வைத்தார்கள். அடிமை முறையை நினைவூட்டுகிறது என்று 2016இல் இரண்டு பல்கலைக்கழகங்களும் அதைக் கைவிட்டன. அவர்கள் வரலாற்றில் அது நியாயமான முடிவு. நம் பேச்சில் மாஸ்டர் என்றால் தையல் மாஸ்டரும் டான்ஸ் மாஸ்டரும் டீக்கடை மாஸ்டரும்தான் நினைவுக்கு வருவார்கள்: தொழில் கைவந்தவர், பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பவர். அந்தப் பொருளில் பார்த்தால் நான் கண்ட மாஸ்டருக்கு அந்தப் பெயர் பொருந்தியது.

அவர் பல்கலைக்கழகத்தில் முழுநேரப் பேராசிரியர். ஆராய்ச்சியும் துறைப் பணியும் அவருக்கு உண்டு. அப்படியிருந்தும் வாரத்தில் பல மாலைகள் உணவுக்கூடத்தில் ஏதாவதொரு மேசையில், அதுவும் மூத்த மாணவர்களின் கூட்டத்தில் அல்லாமல், தனியாக உட்கார்ந்திருக்கும் யாருக்காவது எதிரே இருப்பார் என்று மகள் சொன்னாள். அறுநூறு பேர் தங்கும் கட்டடத்தில் எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவளோடு முதல்முறை பேசியபோது அவளுடைய பாட்டி மன்னார்குடியில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், ஐந்து மாதம் கழித்து மின்தூக்கியில் பார்த்தபோது “பாட்டி நலமா?” என்று கேட்டாராம். இதை அவள் என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

தலைமையில் இன்னொரு வகை உண்டு. அதற்கு டெம்புசு கல்லூரியை எடுத்துக்காட்டலாம். அங்கே முதல் மாஸ்டர் வரலாற்றுப் பேராசிரியர் கிரெகரி கிளான்சி. அவரோடு ரெக்டராக இருந்தவர், ஐநா கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை வகித்த தூதர் டாமி கோ. அவ்வளவு பெரிய பொது வாழ்வைக் கண்டவர் கல்லூரி மன்றக் கூட்டங்களை நடத்த, பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் எழுந்து கேள்வி கேட்டார்கள். மாஸ்டரின் தேநீர்க் கூட்டம் என்ற வழக்கமும் அப்படித்தான்: விருந்தினர் ஒருவர், தேநீர், சின்ன அறை, நிறையக் கேள்விகள். மேடைக்கும் நாற்காலிக்கும் இடையே தூரம் இருந்தே பழகிய நமக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றக்கூடாது. பெரியவர் முன்னே வாய் திறந்து மாற்றுக் கருத்து சொல்லலாம், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை எங்கள் மகள் ஒரு கல்லூரித் தேநீர்க் கூட்டத்தில்தான் முதலில் செய்து பார்த்தாள்.

ஆனாலும் இந்தக் கட்டடங்களைத் தாங்குவது மாஸ்டர் அல்ல. அவருக்கு அடுத்த இரண்டு படிகள். ஒன்று, ரெசிடென்ட் ஃபெலோ எனப்படும் ஆசிரியர்கள். இவர்கள் மாணவர்கள் இருக்கும் அதே கோபுரத்தில் குடியிருப்பவர்கள். சிலர் குடும்பத்தோடு, கைக்குழந்தையோடு இருப்பார்கள். ஒவ்வொரு கல்லூரியும் சில இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும் (டெம்புசுவில் ஓர் இல்லத்தின் பெயர் ‘கஜா’, ஆம், நம் கஜம்தான்), இல்லத்துக்கு ஒரு ஃபெலோ பொறுப்பு. இரண்டாவது படி ஆர்ஏ என்று எல்லோரும் அழைக்கும் மூத்த மாணவர்களும் ஆய்வு மாணவர்களும். மாடியில் யார் சாப்பிட வரவில்லை, யாருடைய கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்பது இவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

முதல் செமஸ்டர் நடுவில் எங்கள் மகளுடைய கதவுதான் திறக்காமல் இருந்தது. புள்ளியியல் இடைத்தேர்வில் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். தொடக்கக் கல்லூரி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) வரை முதல் பத்துக்குள் இருந்தவளுக்கு அதை எங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. தொலைபேசியில் “நல்லாத்தான் இருக்கேன்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் இரவு பதினொன்றரை மணிக்கு மாடியின் ஆர்ஏ, ஒரு மலாய்ப் பெண், மைலோவும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். என்ன பிரச்சினை என்று அவர் கேட்கவில்லை. பசிக்கிறது, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை, உட்காரலாமா என்று கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து மகள் அழுதிருக்கிறாள். மறுநாள் அவளுடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு ஃபெலோவிடம் சொல்லியிருக்கிறார். ஃபெலோ தம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, அந்தப் பாடத்தில் உதவக்கூடிய மூன்றாம் ஆண்டு மாணவரை அறிமுகப்படுத்தி, பல்கலைக்கழகத்தின் உளவள ஆலோசனைப் பிரிவைப் பற்றியும் சொல்லி, போக வேண்டும் என்று வற்புறுத்தாமல் விட்டிருக்கிறார். அவள் போனாள். இவை எல்லாம் எனக்குத் தெரியவந்தது அடுத்த ஆண்டு தீபாவளிக்கு, அவளே சொல்லித்தான்.

எங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று அன்று எனக்குள் ஒரு கணம் கோபம் எழுந்தது உண்மை. நம் ஊர் வார்டனுக்கு இப்படி ஒன்று தெரியவந்தால் முதலில் வீட்டுக்குத்தான் தகவல் போகும். யோசித்துப் பார்த்தபோது, வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இருந்திருந்தால் அவள் அந்தக் கதவைத் திறந்திருக்கவே மாட்டாள் என்பது புரிந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பெரியவளாக நடத்திக்கொண்டே, அவள் இன்னும் முழுதாகப் பெரியவள் ஆகவில்லை என்பதையும் மறக்காமல் இருப்பது கடினமான வேலை. பெற்ற எங்களுக்கே அது சரியாக வரவில்லை.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட்-19 பரவலை முறியடிக்கும் கட்டுப்பாடுகள் தொடங்கியபோது மகள் ஈசூனுக்கு வந்துவிட்டாள். போக இடமில்லாமல் நின்றவர்கள் இந்தியா, மலேசியா, சீனா, வியட்னாம் பிள்ளைகள். ஆகஸ்டில் அவள் திரும்பிப் போனபோது வளாகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தினம் இருமுறை உடல் வெப்பநிலையைப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. சேர்ந்து சாப்பிடுவதையே அடித்தளமாகக் கொண்ட ஓர் அமைப்புக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. விதியை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களும், அந்த விதியால் தனித்துப்போனவர்களைத் தேடிப் போக வேண்டியவர்களும் அதே ஆர்ஏக்கள்தான். ஐந்து ஐந்து பேராகப் பிரித்துப் பெயர் எழுதி, யாரும் எந்தக் குழுவிலும் இல்லாமல் விடுபட்டுவிடக் கூடாது என்று அவர்கள் பட்ட பாட்டை மகள் வாரந்தோறும் சொல்வாள்.

அலுவலக ஊழியர்களைப் பற்றி வரவேற்பு நாளில் யாரும் பேசுவதில்லை. கையேட்டிலும் கடைசிப் பக்கத்தில்தான் இருப்பார்கள். சாவி தொலைந்தால், தண்ணீர் ஒழுகினால், உணவு அட்டை வேலை செய்யாவிட்டால், மாணவர் மன்றத்துக்கு நிகழ்ச்சி நடத்தப் பணம் வேண்டுமானால் போய் நிற்பது அவர்கள் முன்தான். இருபது வயதுப் பிள்ளைகளிடம் வரவுசெலவுக் கணக்கு எழுதி வாங்கி, தவறைத் திருத்தித் திருப்பிக் கொடுத்து, இரண்டாம் முறை சரியாக எழுதவைக்கும் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதுவும் கல்விதான். உணவுக்கூடத்தில் இந்திய உணவு வரிசையில் பரிமாறும் அண்ணன் ஒருவர், மகளுக்குத் தேர்வு நாட்களில் கேட்காமலேயே ரசம் ஊற்றிக் கொடுப்பாராம். மாடியைச் சுத்தம் செய்யும் ஆன்டி, அவளுடைய காலணி வாசலில் கிடக்கும் விதத்தை வைத்தே அவள் தூங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். நிர்வாக அமைப்பைக் காட்டும் படத்தில் இவர்களுக்கு இடம் இல்லை. ஆனால் அறுநூறு பிள்ளைகளை அன்றாடம் கண்ணால் பார்ப்பவர்கள் இவர்கள். ஆர்ஏக்களுக்குக் கொடுப்பதுபோல் இவர்களுக்கும் சிறு பயிற்சி கொடுத்து, கவலைப்படும்படி எதையாவது கண்டால் யாரிடம் சொல்வது என்று காட்டிவைத்தால், இந்த அமைப்பு இன்னும் பலப்படும் என்பது என் உறுதியான கருத்து.

திருத்த வேண்டியவை என்று நான் நினைப்பவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது, ஆர்ஏக்களின் தோளில் ஏற்றப்படும் பாரம். அவர்களுக்கும் தேர்வு உண்டு, ஆய்வேடு உண்டு, தூக்கம் வேண்டும். நள்ளிரவு அழுகையைக் கேட்டுவிட்டுக் காலை எட்டு மணிக்கு ஆய்வகம் போகும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை யார் கேட்பது? ஃபெலோக்கள் கேட்கிறார்கள்தான், ஆனால் அது அந்தந்த ஃபெலோவின் குணத்தை நம்பி இருக்கிறது. இது இந்த வளாகத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல. உலகெங்கும் குடியிருப்புக் கல்லூரிகள் மாணவரைக்கொண்டே மாணவரைக் கவனிக்கின்றன. ஒரு மாடிக்கு இன்னும் ஓர் ஆர்ஏ என்று கூட்டினாலே நிலைமை மாறும்.

இரண்டாவது, இரண்டு ஆண்டு என்ற கணக்கு. பாடத்திட்டம் முடிந்ததும் தொடர்ந்து தங்குவதற்கு உறுதி இல்லை. கல்லூரி வாழ்வில் எவ்வளவு பங்களித்தார்கள் என்பதையும் பார்த்தே இடம் தருகிறார்கள். இதனால், ஓசையில்லாமல் பக்கத்து அறைக்காரருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளையைவிட, ஐந்து குழுக்களில் பெயர் கொடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். மூன்றாம் ஆண்டில்தான் மேல்படிப்பு, வேலை என்ற கவலைகள் முளைக்கின்றன. துணை மிகவும் தேவைப்படும் நேரத்தில் பலர் அந்த வீட்டை விட்டு வெளியேறுகிறார்கள். உணவுத் திட்டம் கட்டாயம் என்பதும் சிலருக்குச் சுமை. காலை உணவுக்கு எழாத பிள்ளைகள் அதற்கும் சேர்த்தே கட்டுகிறார்கள். இருந்தும் இரவு உணவைக் கட்டாயமாக்கியது சரி என்றே நினைக்கிறேன். அந்த மேசை இல்லாவிட்டால் மேலே எழுதியவற்றில் பாதி நடந்திருக்காது.

யாருக்கு இது பொருந்தும்? வீட்டிலிருந்து போய்வர இரண்டு மணி நேரம் செலவிடும் பிள்ளைக்கு, வெளிநாட்டிலிருந்து தனியாக வரும் பிள்ளைக்கு, தன் துறையைத் தாண்டிப் பேச ஆட்கள் வேண்டும் என்று ஏங்கும் பிள்ளைக்குத் தயங்காமல் சொல்வேன். சிங்கப்பூர் ஆண்களுக்குக் கட்டாயமான இரண்டு ஆண்டு தேசிய சேவையை முடித்துவிட்டு வரும் பையன்கள் தங்களுக்கு இந்தக் கவனிப்பு தேவையில்லை என்று நினைப்பார்கள். மகளின் மாடியில் ஆர்ஏவைத் தேடி முதலில் வந்தது அப்படி ஒரு பையன்தான். தனிமையே தெம்பு தரும் இயல்புள்ள பிள்ளைக்கு, தினமும் வந்து குவியும் நிகழ்ச்சி அழைப்புகள் அலுப்பூட்டலாம். அவர்களுக்குச் சாதாரண மாணவர் குடியிருப்பு போதும்.

வெளியாட்கள் வந்து பார்வையிடும் ‘திறந்த நாளில்’ போனால் மாதிரி அறையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்தில் அங்கே கல்லூரிச் சட்டை அணிந்து நிற்கும் மாணவர் ஒருவரைத் தனியாக அழைத்து, உங்கள் ஃபெலோ எந்த மாடியில் இருக்கிறார், கடைசியாக அவரோடு எப்போது சாப்பிட்டீர்கள், இரவு ஒரு மணிக்கு உடம்பு முடியவில்லை என்றால் யாரை எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அந்தப் பையன் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னான். அன்று மாலையே மகள் விண்ணப்பத்தை அனுப்பினாள்.